சொல்லாமல் விட்ட மழை

பூங்காவனத்துக்கு மழை வருவது மூக்கிலேயே தெரிந்துவிடும் என்று நசரத்பேட்டையில் பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்தவர் அவளுடைய மாமனார் வீராசாமி. நெல் கட்டுப்படியாகாமல் போனபிறகு, பெங்களூர் நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருந்த தன் நிலத்தில் அவர் செங்கல் சூளை போட்டிருந்தார். மண்ணைக் குழைத்து அச்சில் அறுத்த கல் களத்தில் பத்து நாள் காய்ந்தால்தான் சூளைக்குப் போகும். அதுவரைக்கும் அது பச்சைக்கல். நல்லதாக ஒரு மழை பிடித்தால் திரும்பவும் சேறுதான். அதனால் அந்த வீட்டில் யார் எழுந்தாலும் முதலில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார்கள்.

எழுபத்தொன்பதில் மூத்த மகன் கஜபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் பூங்காவனம். வந்த இரண்டாம் மாதமே ஒரு மத்தியான வேளையில் களத்தில் நின்று, "மாமா, எங்கியோ மண்ணு நனஞ்ச வாசன வருது, கல்ல மூடச் சொல்லுங்க" என்றாள். தலைக்கு மேல் மேகம் இல்லை. புது மருமகள் முகம் கோணக் கூடாதே என்று வீராசாமி தார்ப்பாய் போடச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் கொட்டியது. அன்றிலிருந்து எட்டு வருஷம், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பூங்காவனத்தைக் கேட்காமல் அந்தக் களத்தில் தார்ப்பாய் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. கல் அறுக்கும் ஆட்கள் காலையில் வந்ததும், "இன்னா அண்ணி, இன்னிக்கு எப்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் அச்சைக் கையில் எடுப்பார்கள். நகை நட்டு என்று அவள் எதற்கும் ஏங்கியவள் இல்லை. அந்த ஒரு கேள்வி அவளுக்குப் போதுமாக இருந்தது.

எண்பத்தேழில் இளையவன் வரதனுக்கு மாங்காட்டிலிருந்து ராணியைக் கட்டிவைத்தார்கள். வரதனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ராணி ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஆறு மாதத்தில் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தாள்.

ராணியை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருந்தால் பூங்காவனத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்காவுக்கென்று ஒரு முழம் பூ தனியாக வாங்கி வருவாள். வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். குரலை உயர்த்த மாட்டாள். பார்க்கவும் கண்ணுக்கு நிறைவாக இருந்தாள். அதெல்லாம் சேர்ந்து பூங்காவனத்தின் நெஞ்சுக்குள் எங்கேயோ நெருடியது.

நெருடல் எரிச்சலானது காற்றுக்காட்டியால்தான். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காக ராணி தகரத்தை அம்பு மாதிரி வெட்டி, சைக்கிள் கம்பியில் கோத்து, சூளைக் கொட்டகையின் உச்சியில் வரதனைக் கொண்டு நட்டுவைத்தாள். பிறகு கழுத்து வெட்டிய பாட்டிலில் புனல் வைத்து மழைமானி ஒன்று வந்தது. இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழை மட்டும் ஈரத் துணியால் சுற்றினாள். காற்று உலர்ந்திருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி அந்த வெப்பமானி கீழே இறங்கும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே காட்டும் என்று மாமனாருக்கு விளக்கினாள். வீராசாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பூங்காவனம் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாசி மாதம் பூங்காவனம், "இன்னிக்கு மழ இல்ல" என்று சொன்னாள். வீராசாமி, "நீ சொன்னா சரிதாம்மா. இருந்தாலும் சின்னவளும் வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அன்றைக்கு மழையும் வரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைப் பூங்காவனம் பல வருஷம் மறக்கவில்லை. தொண்ணூறில் அவர் காலமானார். சின்னவளைக் கேட்கும் பழக்கம் மட்டும் கஜபதியிடம் தங்கிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். தேவகியைப் பொறுக்க முடியவில்லை.

தேவகி பூங்காவனத்தின் ஒரே மகள். தொண்ணூற்றொன்றில் ஆறாம் வகுப்புக்குப் போகும் வயது. ராணிக்குப் பிள்ளை இல்லை. தேவகி பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள், வருவாள். சோற்றில் கை வைத்தால் சித்தி, படுக்கப் போனால் சித்தி.

"அம்மா, காத்துக்கு எட கீதாம். நம்ம தலமேல எவ்ளோ காத்து ஒக்காந்துகினு கீது தெர்மா? சித்தி சொன்னாங்க."

"ஒக்காந்துகினு கீதுன்னா எறக்கி வெச்சிட்டுத் துண்ணு."

"கடலவிட மண்ணு சீக்கிரம் சூடாவுதாம். மண்ணுமேல கீற காத்து சூடாகி மேல போயிடுமாம். அந்த எடத்துக்குக் கடல்லேர்ந்து குளுந்த காத்து வருமாம். அதான் மத்தியானத்துக்கு மேல மெட்ராஸ்ல ஜில்லுனு கீது. நம்ம ஊருக்கு வந்து சேர நேரமாவுது. மேல்காத்து பலமா கீற நாள்ல வரவே வராதாம்."

"இத்தினி வருசமா அந்தக் காத்துலதான்டி நான் கல்லு காய வெச்சிகினு கீறேன். எனக்கே சொல்றியா?"

பெண் முகம் வாடிப்போனது. பூங்காவனத்துக்கு உடனே மனசு கேட்கவில்லை. ஆனால் சமாதானம் சொல்லவும் வாய் வரவில்லை.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்க் கிண்ணத்தோடு மகளைக் கூப்பிட்டாள். தேவகி வரமாட்டேன் என்றாள். ஒரு வாரமாகச் சீயக்காய் போட்டு அலசிக்கொண்டே இருக்கிறாளாம், சித்திக்கு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத முடி வேண்டுமாம். ஈரக் காற்றில் முடி நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். அதில் ஒரு அட்டை முள்ளைக் கட்டிவிட்டால் காற்றின் ஈரத்தை முள் காட்டும். மொத்த வகுப்பிலும் தேவகியின் முடிதான் நீளமாம்.

பூங்காவனம் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறந்த நாளிலிருந்து தன் கையால் தேய்த்து வளர்த்த முடி. மறுநாள் கொட்டகையில் ஒரு பலகையின் நடுவே அந்த ஒற்றை மயிர் விறைப்பாக நின்றது. அதன் நுனியில் அட்டை முள். அவள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிய்த்தெறிய வேண்டும் போலிருந்தது. மகளுடைய முடியாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

ராணி சொல்வதும் எல்லா நாளும் பலித்துவிடவில்லை. மே மாதம் ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டு நாள் பூராவும் கல்லை மூடிவைத்தார்கள். மேகம் வடக்கே நகர்ந்து ஆவடியில் கொட்டிவிட்டுப் போயிற்று. "கோடை மழை இப்படித்தான் அக்கா, ஒரு தெருவுல பெய்யும், அடுத்த தெருவுல பெய்யாது" என்று ராணி சிரித்தாள். பூங்காவனம் அன்று கேழ்வரகு அடை சுட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். ஏன் அன்றைக்கு அடை என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் வாரம். களத்தில் நாற்பதாயிரம் பச்சைக்கல் இருந்தது. கஜபதி விறகு லாரி பேசப் பூந்தமல்லிக்குப் போயிருந்தான். துவைகல்லில் துணி கும்மிக்கொண்டிருந்த பூங்காவனத்திடம், பையை மாட்டிக்கொண்டே வந்தாள் ராணி. தேவகி பின்னால் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மாமா வந்ததும் சொல்லிடுங்க. ரெண்டு நாளா கடல்காத்து வரல. நேத்து சாயந்தரமே திருமழிசைப் பக்கம் மேகம் கோபுரமா எழும்பி நின்னுது. காத்துல ஈரமும் எறங்கவே இல்ல. இன்னைக்குப் புழுக்கம் ஏறிச்சுன்னா சாயந்தரம் இடியோட வரும். ரெண்டு மணிக்குள்ள மூடிட்டா நல்லது."

"ம்" என்றாள் பூங்காவனம்.

பதினோரு மணிக்குக் கஜபதி வந்தான். வெயில் கண்ணைப் பறித்தது. களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டான்:

"தார்ப்பாய எல்லாம் எடுத்து ஓரமா போட சொல்லட்டா? கல்லு நல்லா காயட்டும். ராணி எதனா சொல்லிச்சா?"

உன் மூக்கு என்ன சொல்கிறது என்று அவன் கேட்டிருந்தால், ஒருவேளை அவள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். பூங்காவனம் வாசலில் இறங்கி நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. போன தடவை மாதிரி ஆவடிக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது.

"இல்ல" என்றாள். "ஒண்ணும் சொல்லல."

நாலு மணிக்கு மேற்கே இருட்டியது. முதலில் புழுதியோடு ஒரு குளிர்ந்த காற்று வந்து கொட்டகைக் கூரையைத் தூக்கியது. ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவதற்குள் சரம் சரமாக இறங்கிவிட்டது. ஐம்பது நிமிஷம் விடாமல் அடித்தது. நின்றபோது களத்தில் கல் என்று எதுவும் இல்லை. வரிசை வரிசையாக மேடு தட்டிய சேறு, நடுவில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் வெயிலில் குனிந்து அறுத்த ஆட்கள் சேற்றைப் பார்த்தபடி நின்றார்கள். கெங்கம்மாள் என்ற கிழவி மட்டும் தன் அச்சை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ராணியும் தேவகியும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். வரதனும் வேலை முடிந்து வந்துவிட்டிருந்தான்.

"மாமா, மூடலியா? அக்காகிட்ட காலைலயே சொல்லிட்டுத்தானே போனேன்?"

எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட இன்னா சொன்ன நீ?" என்றாள் பூங்காவனம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒண்ணும் சொல்லாம பைய மாட்டிகினு போய்ட்டு, இப்ப வந்து எம்மேல போடறியா?"

"அம்மா..." என்று ஆரம்பித்தாள் தேவகி. பூங்காவனம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பெண் வாயை மூடிக்கொண்டது.

ராணி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே உள்ளே போய்விட்டாள். படித்தவள் தப்பை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்று கஜபதி முடிவு கட்டினான். பன்னிரண்டு வருஷமாகத் தன் பெண்டாட்டி ஒரு பொய் சொல்லி அவன் கேட்டதில்லை.

அந்த ஆவணியில் வரதனும் ராணியும் முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வாடகைக்குப் போனார்கள். ஆலைக்குப் பக்கம் என்று வரதன் சொன்னான். அண்ணன் தடுக்கவில்லை. ராணியும் கொஞ்ச நாளில் அந்தப் பக்கமாகவே ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

பூங்காவனம் ஆசைப்பட்டது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆட்கள் மறுபடி அவளைத்தான் கேட்டார்கள். தேவகியும் சித்தி பேச்சை எடுப்பதில்லை. ஆனால் அம்மாவிடமும் எதையும் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து, தலையைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் எழுந்து போவாள். சித்தியைப் பார்க்க முகப்பேருக்குப் போகிறாயா என்று கஜபதி ஒருமுறை கேட்டதற்கு, "நான் எப்டிப்பா போவேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவனுக்குப் புரியவில்லை. கதவோரம் நின்ற பூங்காவனத்துக்குப் புரிந்தது.

களத்தைக் காக்க அவள் மூக்கு மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. மண்வாசனை வரும்போது மழை பக்கத்தில் வந்துவிட்டிருக்கும், கல்லை மூட எல்லா நாளும் நேரம் இருக்காது. பரணில் தேவகியின் பழைய நோட்டு கிடந்தது. தினமும் காலை எட்டு மணி, மாலை நாலு மணி: வெப்பநிலை, காற்றின் திசை, மேகம், மழை. ஓரத்தில் ராணியின் சிவப்பு மையில், 'ஒருநாள் இரண்டுநாள் நடப்பது வானிலை. முப்பது வருஷம் பார்த்துச் சராசரி சொல்வது காலநிலை' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். யாரும் பார்க்காதபோது கொட்டகை உச்சியில் தகர அம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனித்தாள். ஈரத்துணி வெப்பமானியின் துணியை மாற்றினாள். சிவப்பு மையைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்தது. எரிந்துகொண்டேதான் கற்றுக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு ஜூன் மாதம். ஒருநாள் விடிகாலையிலேயே தகர அம்பு கிழக்கே பார்த்து நின்றது. அந்த மாதத்தில் காலையில் மேல்காற்றுதான் அடிக்க வேண்டும், கீழ்காற்று வந்தால் சாயங்காலம்தான் வரும். மேகமும் கோபுரமாக எழும்பவில்லை. வானம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி தாழ இறங்கி, கிழக்கிலிருந்து வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவனம் கஜபதியை எழுப்பினாள்.

"கடல்ல எதுவோ கீது. எல்லாத்தையும் மூடு. காஞ்ச கல்ல கொட்டாய்க்குள்ள அடுக்கு. சூளையச் சுத்திக் கால்வாய் வெட்டச் சொல்லு."

"ஜூன் மாசத்துல இன்னா அடமழ? இது இன்னா ஐப்பசியா?"

"ஐப்பசில பெய்யும்ன்றது காலநிலை. இன்னிக்கு வரப்போறது வானிலை. ரெண்டும் ஒண்ணு கெடயாது. நீ ஆளுங்கள கூப்புடு."

கஜபதி அவளை விநோதமாகப் பார்த்துக்கொண்டே போனான். அன்று பிடித்த மழை நாள் கணக்கில் விடவில்லை. பட்டணம் முழுக்க வெள்ளம். சுற்றுவட்டாரத்தில் பல சூளைகள் கரைந்தன. அவர்களுடையது நின்றது.

மழை விட்டபிறகு பக்கத்துச் சூளைக்காரர்கள் வந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். கஜபதி டீ டம்ளரை உருட்டிக்கொண்டே, "எல்லாம் எங்க தம்பி பொண்டாட்டி மாட்டிட்டுப் போன சாமானுங்கதான். பொய் பித்தலாட்டம் இருந்தாலும் அதுக்கு மூள கீதுப்பா" என்றான்.

பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியது போலிருந்தது. மூன்று நாள் நனைந்தபடி நின்று காப்பாற்றியது அவள். பேர் மறுபடியும் ராணிக்கு. ஆனால் அந்தப் 'பொய் பித்தலாட்டம்' என்ற வார்த்தை அதைவிடப் பெரிதாக அவளைச் சுட்டது. வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு அது சொல்லிச்சு" என்றாள். "தொண்ணூத்தொண்ணுல. ரெண்டு மணிக்குள்ள மூடச் சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. நான்தான் உங்கிட்ட சொல்லல. தேவகிக்கும் தெரியும்."

கஜபதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "அஞ்சு வருசமா தம்பி ஊட்டுப் படி ஏறல நானு" என்று மட்டும் சொன்னான். "போ. நீயே போய்ச் சொல்லிட்டு வா."

மறுநாள் பூந்தமல்லியில் பஸ் பிடித்து முகப்பேர் போனாள். மூன்றாவது மாடி. ராணி கதவைத் திறந்து, திகைத்து, "வாங்க அக்கா" என்றாள். காப்பி வரும்வரைக்கும் பூங்காவனம் பொறுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியாததா அக்கா? நீங்க சொல்லலைன்னு அன்னைக்கே தெரியும்" என்றாள் ராணி. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "அன்னைக்கு இவரு எங்கிட்ட கேட்டாரு, நீ நெஜமாவே சொன்னியா, இல்ல மழ வந்தப்புறம் சொல்றியான்னு. அண்ணி பொய் சொல்ல மாட்டாங்கன்னாரு. இத்தனை வருஷத்துல என்ன பேச்சு வந்தாலும் அவரு கண்ணுல எனக்கு அந்தச் சந்தேகம்தான் தெரியும்."

"ஆறு மணிக்கு வருவாரு. அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க."

இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ராணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு வரதன் வந்தான். "அண்ணி! எப்ப வந்தீங்க?" என்று அவன் முகம் மலர்ந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கழித்து எழுந்து சமையலறைக்குள் ராணியின் பின்னாலேயே போனான். "தப்பு என்னுதுதான் ராணி, உன்ன நம்பியிருக்கணும்" என்று அவன் சொன்னது வெளியே கேட்டது.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் கஜபதி அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் அந்த நினைப்பு வந்ததைக் கண்டு பூங்காவனம் வெட்கப்பட்டாள்.

ஆடியில் கூழ் ஊற்றும்போது வரதனும் ராணியும் நசரத்பேட்டைக்கு வந்தார்கள். அண்ணனும் தம்பியும் சீக்கிரம் சேர்ந்துகொண்டார்கள். ராணி மரியாதைக்குக் குறைவில்லாமல் பேசினாள். தனி முழம் பூ மட்டும் வாங்கி வரவில்லை. தேவகி சித்தியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் ஐந்து வருஷமும் கரைந்தது. அவள் பத்தாவது முடித்திருந்தாள். முகப்பேரில் நல்ல மேல்நிலைப்பள்ளி இருக்கிறது, தங்களோடு தங்கிப் படிக்கட்டும் என்று ராணி கேட்டாள். கஜபதி மனைவியைப் பார்த்தான்.

"படிக்கட்டும்" என்றாள் பூங்காவனம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு மகளை அவளே கொண்டுபோய் விட்டாள். மாடிப்படியில் இருவரும் கை கோத்துச் சிரித்துக்கொண்டே ஏறுவதைக் கீழே நின்று பார்த்தாள். வயிற்றில் பழைய நெருப்பு அப்படியே இருந்தது. பஸ் வந்தது. களத்தில் முப்பதாயிரம் கல் காய்ந்துகொண்டிருந்தது, மத்தியானத்திலிருந்து புழுக்கமும் ஏறியிருந்தது. மேற்கு வானம் தெரிகிற பக்கமாக ஒரு சன்னலோரம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.